போராடியவன் ஒருவன், சட்டம் எழுதியவன் வேறொருவன்

தலையங்கம்



மூன்று மனிதர்களைப் பற்றி இம்முறை உங்களிடம் பேச விரும்புகிறோம். வெனிசுவேலாவின் படைத்தளபதி மானுவல் பியார். மெக்சிகோவில் கோவேறு கழுதைகளில் சுமை ஏற்றிப் பிழைத்து, பின்னர் அந்நாட்டின் அதிபரான விசெந்தே கெரெரோ. மணிலாவின் கிடங்குத் தொழிலாளி அந்திரெஸ் பொனிஃபாசியோ.

மூவரும் ஸ்பெயின் காலனி ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்தியவர்கள். மூவரும் மரண தண்டனை விதிக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர்கள். ஆனால் மூவரையும் கொன்றது ஸ்பெயின் அல்ல! அவர்களோடு தோளோடு தோள் நின்று விடுதலை கேட்ட சொந்த அணியினர், சொந்த நாட்டினர்.

ஏன் இப்படி நடந்தது? மூவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூவரும் மேல்தட்டுக் குடும்பங்களில் பிறந்தவர்கள் அல்லர். நாட்டுக்கு விடுதலை வாங்குவதும் நாட்டு மக்களுக்குள் சமத்துவம் கொண்டு வருவதும் ஒரே வேலை என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். ஸ்பெயின் ஆண்ட நாடுகளின் வரலாறு வேறு பாடத்தைச் சொல்கிறது. முதல் வேலை முடிந்து நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் இரண்டாவது வேலை தொடங்காத நாடுகள் அங்கே உண்டு. எப்படித் தள்ளிப் போட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது உழைக்கும் குடும்பங்களுக்கு மிகவும் அவசியம்.

பிறப்பைப் பார்த்துப் பிரித்த புத்தகங்கள்

ஸ்பெயின் அமெரிக்கக் கண்டத்தைச் சுமார் 300 ஆண்டுகள் ஆண்டது. அந்த ஆட்சியில் மனிதனுக்கு மனிதன் விலை வேறு. உச்சியில் ஸ்பெயினிலேயே பிறந்து வந்தவர்கள். உயர் பதவிகளில் பெரும்பாலானவை அவர்களுக்கே. அடுத்து, ஸ்பானிய இரத்தமாக இருந்தும் காலனியில் பிறந்த 'கிரியோல்லோ'க்கள். நிலமும் சுரங்கமும் இவர்கள் கையில் இருந்தன. அவர்களுக்குக் கீழே கலப்பினத்தவர். அதற்கும் கீழே வரி கட்டும் பூர்வகுடிகள். அடிமட்டத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள்.

தேவாலயத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால்கூட, பல ஊர்களில் ஸ்பானியருக்கு ஒரு பதிவேடு, கலப்பினத்தவருக்கு ஒன்று, பூர்வகுடிகளுக்கு இன்னொன்று. பிறந்த அன்றே எந்தப் புத்தகத்தில் பெயர் ஏறியதோ, அதுதான் சாகும் வரை அந்தப் பிள்ளையின் இடம்.

1795ஆம் ஆண்டு ஸ்பெயின் அரசர் ஒரு கட்டணப் பட்டியல் வெளியிட்டார். ஆப்பிரிக்கக் கலப்புள்ளவர்கள் பணம் கட்டினால் அந்தத் 'தாழ்வு' நீங்கியதாகச் சான்று பெறலாம் என்றது அது. இதற்கு யார் எதிர்ப்புத் தெரிவித்தார்கள் தெரியுமா? கராக்கஸ் நகர மன்றத்தில் உட்கார்ந்திருந்த கிரியோல்லோ பிரபுக்கள்! 1796இல் அரசருக்கே முறையீடு அனுப்பினார்கள். இவர்கள் எங்களுக்குச் சமமாக வந்து நிற்பதை ஏற்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1811 ஜூலை 5ஆம் நாள், அதே வகுப்பைச் சேர்ந்தவர்கள்தான் கராக்கஸில் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். தங்களுக்கு மேலே இருப்பவனை இறக்க வேண்டும், தங்களுக்குக் கீழே இருப்பவன் ஏறக் கூடாது. இந்த இரண்டு ஆசைகளும் ஒரே நெஞ்சில் இருந்தன.

மலைநாட்டில் எழுந்த நெருப்பு

கிரியோல்லோக்களின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1780 நவம்பரில் இன்றைய பெரு நாட்டின் குஸ்கோ வட்டாரத்தில் துபாக் அமாரு என்ற பூர்வகுடித் தலைவர் கிளர்ச்சி செய்தார். வரி, கட்டாய விற்பனை, போதோசி வெள்ளிச் சுரங்கத்துக்குக் கட்டாய வேலை ஆகியவற்றால் மக்கள் நொந்து போயிருந்த காலம் அது. 1570களில் வகுக்கப்பட்ட சுரங்க முறைப்படி, குறிப்பிட்ட மாவட்டங்களில் வயது வந்த ஆண்களில் ஏழில் ஒருவர் முறை வைத்துப் போக வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர். போனவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை.

துபாக் அமாரு கொடுமைக்கார மாவட்ட அதிகாரியைத் தூக்கிலிட்டார். தன் பக்கம் வரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார். அந்த அறிவிப்பைக் கேட்டவுடன், ஆரம்பத்தில் அனுதாபம் காட்டிய கிரியோல்லோக்கள்கூட மெல்ல நழுவினார்கள். 1781 மே 18ஆம் நாள் துபாக் அமாருவும் அவர் மனைவி மிக்காயேலா பாஸ்திடாஸும் குஸ்கோ சதுக்கத்தில் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு லா பாஸ் நகரை முற்றுகையிட்ட துபாக் கட்டாரியும், மறு ஆண்டு அவர் மனைவி பார்த்தொலீனா சீசாவும் கொல்லப்பட்டனர்.

ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துபாக் அமாருவை ஒடுக்க ஸ்பெயினுக்குத் துணை நின்றவர்களில் மத்தேயோ பூமாகாவா என்ற பூர்வகுடித் தலைவரும் ஒருவர். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1814இல், அவரே ஸ்பெயினுக்கு எதிராகக் கிளம்பினார். 1815இல் அவருக்கும் மரண தண்டனைதான் கிடைத்தது. ஆள்பவனுக்குச் செய்த சேவை அவர் உயிரைக் காப்பாற்றவில்லை!

பியாரும் கெரெரோவும்

வெனிசுவேலாவின் 1811ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நிறத்தைப் பார்த்து இழிவுபடுத்தும் பழைய சட்டங்களை ஏட்டளவில் நீக்கியது. ஆனால் ஓட்டுப் போடச் சொத்து வேண்டும் என்றது. அடிமை முறையைத் தொடவில்லை. விளைவு என்ன? 1814இல் ஸ்பெயின் தரப்புத் தளபதி போவெஸ் பின்னால் மேய்ச்சல் நிலத்துக் குதிரை வீரர்களும் கறுப்பினத்தவரும் ஆயிரக்கணக்கில் திரண்டு குடியரசையே கவிழ்த்தார்கள். தனக்கு ஒன்றும் தராத சுதந்திரத்துக்காக ஏழை ஏன் சாக வேண்டும்?

விடுதலைத் தலைவர் சீமோன் பொலிவார் இந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்றார். 1815 டிசம்பரில் அடிமைகளே புரட்சி செய்து விடுதலை பெற்ற ஹைத்தி நாட்டுக்குப் போனார். அதிபர் பெத்தியோன் கப்பலும் ஆயுதமும் கொடுத்தார். கேட்ட கைம்மாறு ஒன்றுதான்: உன் நாட்டு அடிமைகளை விடுவி. பொலிவாரும் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார். ஆனால் 1821இல் கூக்குத்தா நகரில் கூடிய பேரவை இயற்றிய சட்டம் என்ன சொன்னது? இனிப் பிறக்கும் குழந்தைக்கு விடுதலை. ஆனால் அந்தக் குழந்தை 18 வயது வரை தாயின் எசமானுக்கு உழைக்க வேண்டும். வெனிசுவேலாவில் அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1854இல். சுதந்திரப் பிரகடனத்துக்கு 43 ஆண்டுகள் கழித்து!

இந்தப் போரில்தான் கலப்பினத் தளபதி மானுவல் பியார் பெரும் வெற்றிகளைத் தேடித் தந்தார். அவர் பொலிவாரின் தலைமையை ஏற்க மறுத்தது உண்மை. நிறத்தைச் சொல்லி வீரர்களைத் தூண்டுகிறார் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தது. 1817 அக்டோபர் 16ஆம் நாள் அங்கோஸ்துரா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலத்தில் பொலிவாரின் தலைமையை மீறிய இன்னொரு தளபதி மரீஞோ தப்பித்தார். அவர் வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளை. 1828இலும் இதே கதை. பொலிவாருக்கு எதிரான சதி வழக்கில் கறுப்பினக் கடற்படைத் தலைவர் பதீயா கொல்லப்பட்டார். வெள்ளை கிரியோல்லோவான சாந்தாந்தரின் தண்டனை நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. பொலிவாரே பின்னர் ஒரு கடிதத்தில் இந்த வேற்றுமையை நினைத்து மனம் நொந்து எழுதினார். நொந்து என்ன பயன்?

மெக்சிகோவுக்கு வருவோம். 1810இல் அங்கே போராட்டத்தைத் தொடங்கியவர் இதால்கோ என்ற பாதிரியார். அவர் பின்னால் வந்தவர்கள் பூர்வகுடி, கலப்பின ஏழைகள். அடிமை முறையையும் பூர்வகுடி வரியையும் ஒழிக்கிறேன் என்றார். நிலமும் பதவியும் உள்ள கிரியோல்லோக்கள் பயந்து ஒதுங்கினார்கள். இதால்கோ 1811இலும், அவருக்குப் பின் தலைமை ஏற்ற மொரேலோஸ் 1815இலும் ஸ்பெயினால் கொல்லப்பட்டார்கள். மலைகளில் மறைந்து போரைத் தொடர்ந்தவர் கெரெரோ. ஆப்பிரிக்க, பூர்வகுடி இரத்தம் கலந்த குடும்பம் அவருடையது.

கடைசியில் 1821இல் சுதந்திரம் வந்தது. கொண்டு வந்தவர் யார்? அதுவரை கிளர்ச்சியாளர்களை வேட்டையாடிய அரச படைத்தளபதி இத்தூர்பிதே! ஸ்பெயினில் சீர்திருத்த ஆட்சி வந்ததும், இனி அங்கிருந்து வரும் சட்டம் தங்கள் சலுகைகளைப் பறித்துவிடும் என்று மேல்தட்டினர் கணக்குப் போட்டார்கள். கெரெரோவோடு கைகுலுக்கினார்கள். மறு ஆண்டே இத்தூர்பிதே பேரரசராக முடிசூட்டிக் கொண்டார்.

கெரெரோ 1829இல் அதிபரானார். அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அடிமை முறையை ஒழித்தார். டிசம்பரில் அவரைக் கவிழ்த்தார்கள். 1831 ஜனவரியில் விருந்துக்கு என்று கப்பலுக்கு அழைத்த ஒரு கப்பல் தலைவன் 50,000 பெசோ வாங்கிக்கொண்டு அவரைக் காட்டிக் கொடுத்தான். பிப்ரவரி 14ஆம் நாள் சுட்டுக் கொன்றார்கள்.

வரியின் பெயர் மாறியது, வரி மாறவில்லை

துப்பாக்கிக் கதையை இங்கே நிறுத்துவோம். உழைக்கும் மக்களை நூறாண்டுக்கு மேல் கட்டிப் போட்டது துப்பாக்கி மட்டும் அல்ல, காகிதமும்தான். சட்டம் படித்தவன் என்ற முறையில் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தால் முதலில் அதன் முன்னுரையைப் படிக்காதீர்கள். அதில் எல்லாரும் சமம் என்றுதான் இருக்கும். யார் 'குடிமகன்', யார் அதில் சேரமாட்டார் என்று விளக்கும் பிரிவைத் தேடிப் படியுங்கள்.

1821இல் பெருவில் சான் மார்த்தீன் ஓர் ஆணை இட்டார். பூர்வகுடி வரி ஒழிந்தது. இனி இவர்களை 'இந்தியோ' என்று அழைக்கக் கூடாது, இவர்கள் 'பெருவியர்' என்றது அது. கேட்க எவ்வளவு இனிமை! ஆனால் 1826இல் அந்த வரி திரும்பி வந்தது. 'கப்பம்' என்ற பழைய பெயர் போய்ப் 'பங்களிப்பு' என்ற புதுப் பெயர். காலி கஜானாவை நிரப்ப அதைவிட எளிய வழி அரசுக்குத் தெரியவில்லை. 1854இல்தான் அது நீக்கப்பட்டது. அதே ஆண்டு அடிமை முறையும் ஒழிந்தது. அப்போது அரசு நட்டஈடு கொடுத்தது. யாருக்கு? தலைக்கு 300 பெசோ வீதம் அடிமைகளின் எசமானர்களுக்கு! வாழ்நாள் முழுவதும் கூலியில்லாமல் உழைத்தவனுக்கு ஒரு காசும் இல்லை.

பொலிவியாவிலும் அப்படியே. 1825 டிசம்பரில் வரி ஒழிந்தது, 1826இல் திரும்பியது. அதே 1826இல் பொலிவார் எழுதிக் கொடுத்த அரசியலமைப்பின்படி, இன்னொருவர் வீட்டில் வேலையாளாக இருப்பவன் குடிமகன் ஆக முடியாது. எழுதப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அந்த விதி மட்டும் 1836 முதல் நடைமுறைக்கு வரும். பள்ளிக்கூடம் கட்டாத நாட்டில் படிப்பறிவைத் தகுதியாக வைத்தால் அதற்கு என்ன பொருள்? தோலின் நிறத்தைச் சட்டத்தில் எழுதவே தேவையில்லை. வேலை அதுவாகவே நடந்துவிடும்.

1866இல் பொலிவிய அதிபர் மெல்காரேஹோ இன்னொரு ஆணை போட்டார். பூர்வகுடிகள் தாங்கள் தலைமுறை தலைமுறையாக உழும் நிலத்துக்கு 60 நாள்களுக்குள் பணம் கட்டிப் பத்திரம் வாங்க வேண்டும். தவறினால் நிலம் ஏலத்துக்குப் போகும். மலையில், செய்தியே எட்டாத ஊரில் வாழ்பவனுக்கு 60 நாள்! பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் நிலத்தை வாங்கிக் குவித்தார்கள். உழுதவன் சொந்த மண்ணிலேயே பண்ணையாள் ஆனான். முறை வைத்து எசமான் வீட்டில் கூலியில்லா வேலையும் செய்தான்.

இந்தக் கூலியில்லா வேலையை 1945இல் அதிபர் வியாரோயெல் ஆணை போட்டு ஒழித்தார். மறு ஆண்டு கலகக் கூட்டம் அவரைக் கொன்று சதுக்கத்தில் விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டது. ஆணை தூங்கியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

கிடங்குத் தொழிலாளியிடம் கேட்ட பட்டம்

இப்போது நமக்குப் பக்கத்தில் இருக்கும் பிலிப்பீன்ஸுக்கு வாருங்கள். பொனிஃபாசியோ 1863இல் மணிலாவின் தொந்தோ பகுதியில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, கைத்தடியும் காகித விசிறியும் செய்து விற்றுத் தம்பி தங்கையரைக் காப்பாற்றியவர். பின்னர் வணிக நிறுவனங்களில் ஏவலாளாகவும் கிடங்கிலும் வேலை பார்த்தார். பள்ளிப் படிப்பு குறைவு. தானாகப் படித்தது அதிகம். 1892 ஜூலை 7ஆம் நாள் தோழர்களோடு சேர்ந்து 'காத்திபுனான்' என்ற இரகசிய இயக்கத்தைத் தொடங்கினார். 1896 ஆகஸ்டில் புரட்சி வெடித்தது.

1897 மார்ச் 22ஆம் நாள் தெஹேரோஸ் என்ற இடத்தில் புரட்சி அரசுக்குத் தேர்தல் நடந்தது. அதிபராக எமிலியோ அகினால்டோ தேர்ந்தெடுக்கப்பட்டார். இயக்கத்தைத் தொடங்கிய பொனிஃபாசியோவுக்குக் கிடைத்தது உள்துறை இயக்குநர் பதவி. அதையும் பொறுக்காமல் தனியேல் திரோனா என்பவர் எழுந்தார். வக்கீல் பட்டம் இல்லாதவர் இந்தப் பதவிக்கு வரக்கூடாது என்றார். ஒரு வக்கீலின் பெயரையும் முன்மொழிந்தார்.

வாசகர்களே, இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். புரட்சிக்கு ஆள் திரட்டும்போது எவனும் பட்டம் கேட்கவில்லை. குண்டுக்கு முன்னால் நிற்கும்போது கேட்கவில்லை. நாற்காலி போட்ட பிறகுதான் கேட்டார்கள்! நானும் அந்தப் பட்டத்தை வாங்கியவன்தான். கறுப்பு அங்கி போட்டு நீதிமன்றத்தில் நிற்பவன்தான். அந்தக் காகிதத்தை இப்படி ஒரு மனிதனுக்கு எதிராக நீட்டினார்கள் என்று படிக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

பொனிஃபாசியோ கூட்டத்தின் முடிவுகள் செல்லாது என்று அறிவித்து வெளியேறினார். அவரும் ஒரு தனி அணி கட்ட முயன்றார் என்பதையும் சொல்ல வேண்டும். அகினால்டோ தரப்பு அவரைக் கைது செய்தது. போர் மன்றம் மரண தண்டனை விதித்தது. நாடு கடத்தினால் போதும் என்று முதலில் குறைத்த அகினால்டோ, தன் தளபதிகளின் பேச்சைக் கேட்டு அதை மீட்டுக்கொண்டார். 1897 மே 10ஆம் நாள் கவீத்தே மலைப் பகுதியில் பொனிஃபாசியோவையும் அவர் தம்பி புரோக்கோபியோவையும் கொன்றார்கள்.

1898 ஜூன் 12இல் சுதந்திரம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பெயின் அந்த நாட்டை 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் கொடுத்துவிட்டது. எசமான் மாறினான். நிலம் வைத்திருந்தவர்களின் செல்வாக்கு மாறவில்லை.

தார்லாக் மாநிலத்தில் லுயிசீத்தா என்று ஒரு கரும்புத் தோட்டம் உண்டு. முதலில் ஸ்பானிய நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. 1957இல் கோஹுவாங்கோ குடும்பம் அரசு சார்ந்த கடன் உதவியோடு வாங்கியது. பின்னாளில் நிலத்தை உழவர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. ஆண்டுகள் ஓடின; நிலம் வரவில்லை. அந்தக் குடும்பத்து மகளே அதிபராக இருந்த 1988இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதில் ஒரு பொந்து: நிலத்துக்குப் பதிலாகப் பங்குப் பத்திரம் கொடுத்தால் போதும்! ஏட்டுச் சுரைக்காயைக் கொடுத்துக் கறி வைக்கச் சொன்னார்கள். 2004 நவம்பர் 16ஆம் நாள் வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஏழு பேர் இறந்தனர். 2012இல்தான் உச்ச நீதிமன்றம் சுமார் 4,900 ஹெக்டர் நிலத்தை 6,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்க இறுதித் தீர்ப்பளித்தது. 55 ஆண்டுகள்!

எப்போது மாறியது?

இதையெல்லாம் படித்து மனம் தளர வேண்டாம். மாற்றம் வந்திருக்கிறது. மக்கள் தாங்களே அமைப்பாகத் திரண்ட போதெல்லாம் வந்திருக்கிறது.

பொலிவியாவில் 1952 ஏப்ரலில் சுரங்கத் தொழிலாளர்களும் நகரத் தொழிலாளர்களும் களத்தில் இறங்கினார்கள். அதே ஆண்டு எழுத்தறிவு நிபந்தனை நீங்கியது. ஆண், பெண், பூர்வகுடி அனைவருக்கும் ஓட்டுரிமை. 1953 ஆகஸ்டு 2இல் நிலச் சீர்திருத்தம். கூலியில்லா வேலையும் அதோடு முடிந்தது. நாடு விடுதலை பெற்றது 1825இல். பூர்வகுடி ஓட்டுப் போட 127 ஆண்டுகள்! பெருவில் இன்னும் தாமதம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 1979ஆம் ஆண்டு அரசியலமைப்புதான் ஓட்டுரிமை தந்தது.

2005 டிசம்பரில் பொலிவியாவில் ஐமாரா இனத்து விவசாயச் சங்கத் தலைவர் ஏவோ மொராலெஸ் அதிபராகத் தேர்வானார். 2009இல் வந்த அரசியலமைப்பு ஸ்பானிய மொழியோடு 36 பூர்வகுடி மொழிகளையும் ஆட்சிமொழிகள் என்றது. அந்தச் சட்டத்தை எழுதிய மன்றத்தில் பூர்வகுடிப் பெண்கள் தங்கள் உடையிலேயே வந்து உட்கார்ந்தார்கள். தலைவியாக இருந்தவர் சில்வியா லசார்த்தே என்ற கெச்சுவா இனத்து விவசாயச் சங்கப் பெண். ஒரு காலத்தில் வீட்டு வேலையாளைக் குடிமகன் இல்லை என்று எழுதிய நாடு அது!

ஆனால் அங்கும் கதை இனிதே முடியவில்லை. 2019இல் தேர்தல் சர்ச்சையில் மொராலெஸ் பதவி விலகினார். பின்னர் அவர் கட்சி தலைவர்களின் பூசலால் பிளந்து, 2025 தேர்தலில் ஆட்சியை இழந்தது. கீழிருந்து வந்தவர்களும் நாற்காலிக்குச் சண்டை போட்டால் அடி விழுவது கீழே இருப்பவனுக்குத்தான். பூமாகாவாவின் பாடத்தை இங்கேயும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

வாசகர்களே, விடுதலை, உரிமை, சீர்திருத்தம் என்று யார் உங்கள் வாசலுக்கு வந்தாலும் வரவேற்று உட்கார வையுங்கள். பிறகு கேளுங்கள்.

இதை எழுதும் மேசையில் எங்களைப் போன்றவர் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? போராட்டத்துக்குக் கேட்காத தகுதியைப் பதவிக்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? எந்தப் பத்திரம், எத்தனை நாளுக்குள், எவ்வளவு கட்டணம்? நட்டஈடு யார் கைக்குப் போகிறது? நிலம் என்று சொன்னீர்களே, ஏன் காகிதம் தருகிறீர்கள்?

உங்கள் சொந்த சங்கத்திலும், கோயில் நிர்வாகத்திலும், பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். ஆங்கிலம் பேசத் தெரிந்தவர், பட்டம் வாங்கியவர், கார் வைத்திருப்பவர் என்பதற்காக ஒருவருக்கு நாற்காலியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு நீங்கள் பின்வரிசைக்குப் போகாதீர்கள். படித்தவரின் உதவியை வாங்கிக் கொள்ளுங்கள். அது உங்களுக்குத் தேவை. முடிவை மட்டும் உங்கள் கையில் வைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் பெண்களையும் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். மிக்காயேலாவும் பார்த்தொலீனாவும் சமையலறையில் இருந்து சாகவில்லை.

அடுத்த முறை கூட்டத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியாத வரிக்குக் கீழே கோடு போடுங்கள். அந்த வரிக்கு விளக்கம் வரும் வரை பேனாவைத் திறக்காதீர்கள்.